ஈக்கு இரு சிறகு, தேனீக்கு நான்கு

திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலை அடுத்த பழக்கடைகளில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈக்களையும், தோட்டத்து மலர்களை நாடிவரும் தேனீக்களையும் பாராதவர் இலர். இரண்டும் ஆறு கால்களுடைய பூச்சிகளே. எனினும் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கின், தேனீக்கு மார்பின் இரண்டாம் கண்டத்தில் ஒரு ஜோடியும் மூன்றாம் கண்டத்தில் ஒரு ஜோடியுமாக நான்கு சிறகுகள் இருத்தலையும், ஈக்கு முன்ஜோடி மட்டுமே இருத்தலையும் காணலாம். கூவக்கரையில் அந்திதோறும் ரீங்காரமிடும் கொசுவும் ஈயின் இனத்தைச் சேர்ந்ததே. இவற்றின் பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில், காம்பின்மேல் குண்டூசித் தலை வைத்தாற்போன்ற இரு குமிழ்கள் உள்ளன. இவற்றை வீணான உறுப்புகள் என எண்ணலாகாது. பறக்கும்போது இவை அதிர்ந்து, உடல் எப்பக்கம் திரும்புகிறது என்பதை ஈக்கு உணர்த்துகின்றன. குமிழ்களை நீக்கிவிட்டால் ஈ நிலைகொண்டு பறக்கமாட்டாது.

சிறகு குமிழானது எவ்வாறு? 1915-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கால்வின் பிரிட்ஜஸ் என்பவர், குமிழ் ஓரளவு சிறகாக மாறிய ஒரு பழ ஈயைக் கண்டெடுத்தார். பின்னர் எட்வர்ட் லூயிஸ் இத்தகைய பிறழ்வுகள் சிலவற்றை ஒரே ஈயில் சேர்த்து, நான்கு முழுச் சிறகுகளுடைய ஈயையே தோற்றுவித்தார். இவ்வாராய்ச்சிக்காக 1995-இல் வைத்திய நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மார்பின் மூன்றாம் கண்டத்தில் வேலைசெய்து, அங்கே சிறகு உண்டாகாமல் குமிழ் உண்டாகச் செய்வது அல்ட்ராபைதொராக்ஸ் என்னும் மரபணு.

இதைப் போன்றவை ஈயில் 8 உள. ஹாக்ஸ் மரபணுக்கள் எனப்படும் இவை தலை முதல் வயிறு வரை உடலைப் பங்கிட்டுக்கொண்டு, இன்ன கண்டத்தில் இன்ன உறுப்பு என ஏவுகின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் உண்டாக்கும் புரோட்டீனில் 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பது 1984-இல் வெளியாயிற்று. மற்ற மரபணுக்களைத் தொட்டு ஏவுவது இப்பகுதியே. கை ஒன்றுபோல் இருக்க, ஒன்று காலையும் ஒன்று குமிழையும் ஏவுவது எங்ஙனம்? நிபுணர்களை நெடுங்காலம் மலைக்கவைத்த கேள்வி இது.

வேலைசெய்யும் இடமும் அளவும் வேறுபடுவது ஒரு காரணம். துணைவர் மற்றொன்று. எக்ஸ்ட்ராடென்டிகிள் என்னும் துணைப் புரோட்டீன் கூடச் சேர்ந்தபின், தனித்திருந்தபோது தெரியாத வேறுபாடு ஹாக்ஸ் புரோட்டீன்களிடையே வெளிப்படுகிறது. இவற்றினும் வியப்பானது 2015-இல் வெளிவந்த ஒரு முடிவு. தொடுமிடம் இறுகப் பற்றக்கூடியதாயின் உடன்பிறப்புகளுள் எதுவும் அதைப் பற்றிக்கொள்கிறது. பிடிப்புக் குறைந்த இடத்தையோ உரியது மட்டுமே பற்றுகிறது. அத்தகைய இடங்கள் பல அடுத்தடுத்து இருப்பதால் வேலையும் குறைவின்றி நடைபெறுகிறது. பலவீனமே அடையாளமாகிறது என்பது முதற்பார்வையில் நம்பத்தக்கதாகத் தோன்றாது. சோதனையோ அதையே காட்டிற்று.

இனித் தேனீயின் கதைக்கு வருவோம். அதன் மூன்றாம் கண்டத்தில் அல்ட்ராபைதொராக்ஸ் இல்லையோ எனின், உண்டு. பட்டுப்பூச்சியிலும் உண்டு. எல். எஸ். சசிதராவும் அவருடன் உழைத்தவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்குகிறது. தேனீயின் மரபணுவையும் பட்டுப்பூச்சியின் மரபணுவையும் பழ ஈயினுள் புகுத்தி மிகுதியாக வேலைசெய்ய விட்டார்கள். தன் வீட்டில் சிறகைத் தடுக்காத அதே மரபணு, ஈயினுள் புகுந்தவுடன் சிறகு வளர்ச்சியை ஒடுக்கிற்று! ஆகவே குறை ஏவுபவனிடத்தில் இல்லை. ஏவலைப் பெறுமிடத்திலோ துணைவரிடத்திலோதான் மாறுதல் நேர்ந்திருக்கவேண்டும். சிறகை அமைக்கும் மரபணுக்கள் பல, சுமார் 30 கோடி ஆண்டுகளாக இம்மூன்று பூச்சிகளிலும் அல்ட்ராபைதொராக்ஸின் தொடுகைக்கு உட்பட்டே வந்துள்ளன. ஆயினும் அவற்றுள் பல ஈயில் மட்டுமே சிறகுக்கு ஒருவிதமாகவும் குமிழுக்கு வேறுவிதமாகவும் நடக்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்தால் கால்வாயில் ஓடுவது ஒரே நீர்தான். எவ்வயல் நனையும் என்பதை வயலின் மடையே தீர்மானிக்கிறது. மரபணுவுக்கும் அதன் அருகே அத்தகைய மடைகள் உள.

பட்டுப்புழு வளர்ப்போருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. அப்டாமினல்-ஏ என்னும் மற்றொரு ஹாக்ஸ் மரபணு, ஈயின் வயிற்றில் கால் முளையாமல் தடுப்பது. பட்டுப்புழுவிலோ அம்மரபணு கெட்டால், வயிற்றின் நடுக் கண்டங்களில் இருக்கவேண்டிய 4 ஜோடிக் கால்கள் தோன்றுவதில்லை. ஓரிடத்தில் தடுப்பது ஓரிடத்தில் வேண்டப்படுகிறது.

ஈயும் புழுவும் இருக்கட்டும், நெல்லுக்கு இதனால் என்ன என்று குடியானவர் கேட்பது நியாயமே. ஹாக்ஸ் புரோட்டீன்களின் தூரத்து உறவான ஒன்று நெல்லிலும் இருக்கிறது. எளிதில் உதிரும் கசலத் நெல்லையும், உதிராத நிப்பன்பாரே என்னும் ஜப்பானிய நெல்லையும் கலந்து ஆராய்ந்த ஜப்பானிய நிபுணர்கள் 2006-இல் அதைப் பிடித்தார்கள். மரபணுவிலிருந்து சுமார் 12,000 எழுத்துகளுக்கு அப்பால், டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. புரோட்டீன் மாறவில்லை. மணியும் காம்பும் கூடும் இடத்தில் மட்டும் அம்மரபணு வேலைசெய்வது நின்றது. அங்கே உதிர்வுப் படலம் அமையவில்லை. மணி கதிரிலேயே தங்கிற்று. அறுவடை நான்கு நாள் தள்ளினால் வயலில் கொட்டும் நெல்லைக் கண்டவர்கள் அவ்வோர் எழுத்தின் விலையை அறிவார்கள். பண்டைக் காலத்தில் உதிராத கதிரைத் தேடி விதைக்கு எடுத்துவைத்தவர்கள், மரபணுவைத் தொடாமல் அதன் மடையை மட்டும் பொறுக்கியெடுத்திருக்கிறார்கள்.