சாரலில் நிறையாத பேட்டரி

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அபூர்வம். அப்படி நெருக்கியடித்து நிற்கும் வேன்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு கேரவன் கண்ணில் படும். பழைய டிராவலர் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், குட்டி ஃபிரிட்ஜ், மிக்ஸி வைக்க ஒரு மேடை என்று குடும்பத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்ட வண்டி. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பு நினைவுக்கு வரும். புளியரையைத் தாண்டினால் வரும் கேரளமோ கேரவன் சுற்றுலாவுக்கென்றே 2021இல் தனிக் கொள்கை அறிவித்துவிட்டது.

இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று இஞ்சினை ஸ்டார்ட் செய்ய. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மற்றது விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு மணிக்கணக்கில் நிதானமாக மின்சாரம் கொடுப்பது. வீட்டு பேட்டரி என்று இதைச் சொல்லலாம். பழைய கேரவன் வாங்கியவருக்கு முதல் செலவு வைப்பது பெரும்பாலும் இதுதான். தென்காசிக் கடைகளில் போய் நின்றால் சுலபமாகக் கிடைப்பது இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் ஈய பேட்டரி. வாங்க வருபவரும் "எத்தனை ஏ.எச்.?" என்றுதான் கேட்பார். இந்தப் பேட்டரியை எதைக் கொண்டு நிரப்பப்போகிறோம் என்ற கேள்வி அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 240. விளக்கு, செல்போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு 150. ஆக 930. ட்யூபுலரில் 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி வருகிறது. ஆனால் ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் சுருங்கும். கையில் நிற்பது 900தான்.

சட்னி அரைக்கும்போது இன்னொரு சங்கதி வெளிப்படும். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் ஆகும் மின்சாரம் அற்பம். ஆனால் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 150 ஏ.எச். என்று ஒட்டியிருக்கும் எண்ணோ 20 மணி நேரம், 7.5 ஆம்பியர் வீதம் மெல்ல வடித்துப் பார்த்து எழுதியது. வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி தரும் மொத்த அளவே குறையும் என்று ஜெர்மானியரான பாய்கர்ட் 1897இலேயே சூத்திரம் போட்டுக் காட்டினார். வயதான பேட்டரியில் அந்தச் சூத்திரம் 'கீ... கீ...' என்ற அலாரமாகக் கேட்கும். தேங்காய் பாதி அரைபட்டு நிற்கும். இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி 12 வோல்ட் வண்டிக்காரர் யோசிக்கவே வேண்டாம், கேஸ் அடுப்பு போதும்.

இனி நிரப்பும் கதை. பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்துகாட்டிய அதே வேதியியல்தான் இன்றைய ட்யூபுலரிலும் நடக்கிறது. வடியும்போது பிளேட்டுகளின் மேல் ஈய சல்பேட் பொடிப்பொடியாகப் படியும். சார்ஜ் ஏறும்போது கரைந்துவிடும். அரைகுறையாக ஏற்றி வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் பொடிகள் பெரிய படிகங்களாக இறுகும், பிறகு சீக்கிரம் கரையாது. மெக்கானிக்குகள் சொல்லும் 'சல்பேஷன்' இதுதான். மெக்கானிக் ஆசிட்டின் கிராவிட்டி (அடர்த்தி) பார்க்கும்போது, நிறைந்த பேட்டரியில் 1,240க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய மிதவை எல்லா செல்லிலும் 1,180இல் நின்றால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். ஒரே ஒரு செல்லில் மட்டும் இறங்கிக் கிடந்தால் "செல் போயிடுச்சு" என்பார்.

ஈய பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் அவசரப்படுத்த முடியாது. குற்றாலத்தில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? சீசனில் நாள் முழுக்க மேகமூட்டமும் சாரலுமாக இருக்கும்போது கூரையில் உள்ள சோலார் பேனல் தன் அளவில் சிறு பங்கைத்தான் தரும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் என்னத்தை நிரப்பிவிடும்? லாட்ஜ் வளாகத்தில் பிளக் பாயின்ட் கிடைத்தால் உண்டு. இங்கே ஈய பேட்டரிகள் சீக்கிரம் போவதற்கு உழைப்பைவிடப் பட்டினியே பெரிய காரணமாக இருக்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். பாதி நிரம்பிய நிலையில் கிடப்பது அதற்குச் சுகம். 100 ஏ.எச். பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் தாங்கும், ஆயிரம் வாட்-மணி கிடைக்கும். ட்யூபுலர் 50 கிலோவுக்கு மேல். இது பத்துப் பன்னிரண்டு கிலோ.

இந்தப் பேட்டரியின் பூர்வீகத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தென்தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1981இல் முனைவர் பட்டம் பெற்றவர் ஆறுமுகம் மந்திரம். பேட்டரி விஞ்ஞானி ஜான் குடெனஃபுடன் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் அவர் ஒன்றைக் காட்டினார்: லித்தியம் பேட்டரியில் வெறும் இரும்பு ஆக்சைடுக்குப் பதில் இரும்பு சல்பேட்டைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் 3.6 வோல்ட்டுக்கு உயர்கிறது. அதே வழியில் போய், பாதி, நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்களுடன் குடெனஃப் 1997இல் வெளியிட்டதுதான் இரும்பு பாஸ்பேட். பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் விடுபடாது. தீப்பிடிக்கும் அபாயம் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. குடெனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

"பழையதைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டலாம்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. பழைய வேனின் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும்; ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் டி.சி.–டி.சி. சார்ஜர் ஒன்று அவசியம். இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டிவரும். வோல்ட்மீட்டரும் உதவாது, பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட்டிலேயே நின்றுவிட்டுக் கடைசியில் பொத்தென்று விழும். போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வைத்த மீட்டர்தான் மிச்சத்தைச் சொல்லும்.

வெளிநாட்டுக் கேரவன் நூல்கள் குளிரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எச்சரிக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். குற்றாலத்துக்கு அந்தக் கவலை கிடையாது. உறைபனி விழும் மார்கழியில் ஊட்டிக்குப் போகிறவர் மட்டும் விடியலில் சார்ஜரை அணைத்து வைக்கட்டும்.

வருடத்தில் ஒரே ஒரு சீசனுக்கு வண்டியை எடுப்பவர் லித்தியத்துக்கு ட்யூபுலரைவிடக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அவருக்கு மூடிய வகை ஈய பேட்டரியான ஏ.ஜி.எம். போதும், மாதமொரு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் சரி. தண்ணீர் ஊற்றும் ட்யூபுலரை வாங்கினால் அதைப் படுக்கைக்குக் கீழே வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். கழற்றிய பழைய ஈய பேட்டரியை ஆசிட்டோடு அப்படியே கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கலாம், விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும், சாய்க்காமல்.