குரு எங்கே? கட்டம் காட்டும் அந்தி வானம்

பொழுது சாய்ந்ததும் மேற்கே பளீரென்று ஒன்று தெரிந்தால் விமானமா, சாட்டிலைட்டா என்று பேச்சு கிளம்பும். கடைசியில் யாராவது செல்போனில் செயலியைத் திறப்பார்கள். செயலி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே விடை இருக்கிறது. ராசிபலனுக்காக மட்டும் நாம் பார்க்கும் அந்தப் பன்னிரண்டு கட்டம், உண்மையில் வானத்தின் நிலவரம். பலனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். குரு எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதோ கண்ணால் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய செய்தி.

சூரியனிலிருந்து எண்ணுங்கள்

சூரியன் போகும் பாதையை ஒட்டியேதான் சந்திரனும் கிரகங்களும் போகின்றன. அந்தப் பாதையை 30 பாகை வீதம் பிரித்தவையே 12 ராசிகள். சூரியனின் கட்டத்தைத் தேட வேண்டாம், தமிழ் மாதமே சொல்லிவிடும். சித்திரையில் மேஷம், ஆடியில் கடகம், மார்கழியில் தனுசு.

அதை ஒன்று என வைத்து வலஞ்சுழியாக எண்ணுங்கள். சூரியன் மறைந்ததும் இரண்டும் மூன்றும் மேற்கு வானில் நிற்கும். நான்கு ஏறத்தாழ உச்சியில், ஐந்தும் ஆறும் கிழக்கே. ஏழாம் கட்டம் அப்போதுதான் உதிக்கத் தொடங்கும். எட்டிலிருந்து மேலே உள்ளவை இரவு ஏற ஏறத்தான் வரும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இருப்பதைப் பார்க்க விடியலுக்கு முன் எழ வேண்டும். சூரியனோடு ஒரே கட்டத்தில் நெருங்கி நிற்கும் கிரகம் வெளிச்சத்தில் மறைந்துபோகும். பஞ்சாங்கம் அதை அஸ்தங்கம் என்கிறது.

புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. அதனால் எந்த ஜாதகத்தைப் புரட்டினாலும் சூரியனின் கட்டத்திலோ பக்கத்துக் கட்டத்திலோதான் அது இருக்கும். சுக்கிரனின் எல்லை 47 பாகை, அதாவது அதிகம் போனால் இரண்டு கட்டம். அதனால்தான் நம் ஊரில் நள்ளிரவில் வெள்ளி தெரிவதே இல்லை. ராகு, கேதுவைத் தேடாதீர்கள். அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் மட்டுமே.

மார்கழியில் ஒரு சோதனை

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் 0.1 பாகை இடைவெளியில், நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நெருங்கி நின்றன. அது மார்கழி மாதம், சூரியன் தனுசில். வானில் தெரிவதோடு ஒத்துப்போகக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி இரண்டும் இரண்டாம் கட்டமான மகரத்தில். கணக்குப்படியே, பொழுது சாய்ந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரிந்தன.

வாக்கியப் பஞ்சாங்கத்திலோ குரு மகரத்துக்குப் போயிருந்தாலும் சனி இன்னும் தனுசில்தான் இருந்தார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி டிசம்பர் 27 அன்றுதான் நடந்தது. வானத்தில் ஒட்டி நின்ற இருவர் ஏட்டில் வேறு வேறு வீட்டில்! வானம் பார்க்கத் திருக்கணிதமே ஏற்றது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்ப்பாடுகளை வைத்துக் கணிப்பது. கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடியவர் சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கி நூலும் எழுதினார்.

நட்சத்திரமா, கிரகமா?

இடம் தெரிந்த பிறகு ஆளை உறுதிசெய்ய வேண்டும். நட்சத்திரம் மின்னும்; கிரகம் நிதானமாக ஒளிரும். நட்சத்திரம் வெறும் புள்ளியாகத் தெரிவதால் காற்றின் அசைவு அதை ஆட்டிவைக்கிறது. கிரகமோ சின்னஞ்சிறு வட்டம் என்பதால் அந்த ஆட்டம் சமன்பட்டுவிடுகிறது. ஆனால் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கிரகமும் சற்று மின்னும். கொஞ்சம் மேலே இருக்கும்போது பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கண்ணைப் பறிக்கும் வெண்மை என்றால் சுக்கிரன். அதற்கு அடுத்த பிரகாசத்தில், லேசான சந்தன நிறத்தில் இருப்பது வியாழன். சனி மங்கிய மஞ்சள். செவ்வாய் சிவப்பு, ஆனால் ரோகிணியும் கேட்டையும்கூடச் சிவந்த நட்சத்திரங்களே, அதே பாதையை ஒட்டி இருப்பவையே. மின்னுகிறதா என்று பார்த்தும் கட்டத்தோடு ஒப்பிட்டும்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும். தெற்கே தாழ்வாக ஒளிரும் அகத்திய நட்சத்திரத்தைக் கிரகம் என்று எண்ணிவிடாதீர்கள், அது ராசிப் பாதையிலேயே இல்லை.

வக்கிரம் வந்தால் மொட்டை மாடிக்கு

'குரு வக்கிரம்' என்று பஞ்சாங்கத்தில் கண்டால் பலர் கவலைப்படுவார்கள். வானம் பார்ப்பவருக்கு அதுதான் நல்ல காலம். குரு, சனி, செவ்வாய் மூன்றும் வக்கிரமாவது, சூரியனுக்கு எதிரே ஏழாம் கட்டத்தை ஒட்டி நிற்கும் நாட்களில். அப்போது பூமி நடுவே வந்து அவற்றை முந்திச் செல்கிறது. அதனால் அவை பின்னோக்கிப் போவதுபோல் தோன்றுகின்றன. பூமிக்கு மிக அருகில் வருவதும், மிகப் பிரகாசமாக இருப்பதும், அந்தியில் உதித்து விடியும்வரை தெரிவதும் அந்த நாட்களில்தான். 26 மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கு இந்த வாய்ப்பு. குருவுக்கு ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த குரு வக்கிரத்தின்போது ஒரு பைனாகுலரைச் சுவரில் ஊன்றி, ஆடாமல் பிடித்துப் பாருங்கள். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் இரண்டு மூன்றாவது வரிசையாகத் தெரியும்.