கல்பாசியும் பாசிப்பூஞ்சையும்: ஒரு பெயரின் பொருள் எல்லை

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட்டைச் சார்ந்த ரிச்சர்ட்ஸ் டவுன், தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் பகுதிகளுள் ஒன்று. கறிமசாலாவில் சேரும் சருகு போன்ற ஒரு பொருளைத் தமிழர் கல்பாசி என்பர். கன்னடர் கல்லுஹூவு, அதாவது கல்பூ, என்பர். மராத்தியில் வழங்கும் தகட்பூல் என்பதும் கல்பூ என்றே பொருள்படும். பொருள் ஒன்றாயினும் ஒரு மொழி அதனைப் பாசியாகவும் பிற மொழிகள் பூவாகவும் வகைப்படுத்துகின்றன. உண்மையில் அது லைக்கன் எனப்படும் உயிரி வகை.

லைக்கன் தனியோர் உயிரி அன்று. பூஞ்சை இழைகளுக்கிடையே பசும்பாசியோ சயனோபாக்டீரியாவோ, சிலவற்றில் இரண்டுமோ, வாழும் கூட்டமைப்பு அது. உள்ளுறையும் உயிரி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்குகிறது. பூஞ்சை உறைவிடம் தருகிறது. இதனாலேயே மண்ணற்ற பாறையிலும் மரப்பட்டையிலும் லைக்கன் வளர இயலுகிறது.

லைக்கன் என்னும் பெயர் கிரேக்க மொழியின் 'லெய்க்கேன்' என்பதிலிருந்து வந்தது. 'நக்குதல்' எனப் பொருள்படும் வினையோடு இதனைத் தொடர்புபடுத்துவர். மரத்தில் படர்வதையும் மனிதத் தோலில் படரும் படையையும் அச்சொல் ஒருங்கே குறித்தது. அதாவது, பெயர்க்காரணம் உயிரியின் இயல்பு அன்று. பரப்பைப் பற்றிப் படரும் தோற்றமே. அப்பழம்பொருள் 'லைக்கன் பிளானஸ்' என்னும் தோல்நோய்ப் பெயரில் இன்றும் நிலவுகிறது. இந்நோய் பூஞ்சைத் தொற்று அன்று. எனவே இதனைப் 'பாசிப்பூஞ்சை நோய்' எனப் பெயர்த்தால் நோயின் காரணமே திரிந்துவிடும்.

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரத் தொகுப்பில் லைக்கன்களைப் பாசிகளின் வரிசையிலேயே வைத்தார். அக்காலத்தைப் பொறுத்தவரை தமிழரின் கல்பாசியும் ஐரோப்பியரின் வகைப்பாடும் வேறுபடவில்லை. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் சைமன் ஷ்வென்டெனர், லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்தது என்று நிறுவ முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அக்கருத்தே நிலைபெற்றது. இன்றைய பன்னாட்டுப் பெயரீட்டு விதிப்படி லைக்கனுக்கு இடும் அறிவியற்பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது.

இவ்விடத்தில் தமிழ்ப் புணர்ச்சி இலக்கணம் துணைசெய்கிறது. பாசியும் பூஞ்சையும் என விரியும் உம்மைத்தொகையாயின் வல்லினம் மிகாது. 'பாசிபூஞ்சை' என்றே அமையும். 'பாசிப்பூஞ்சை' என ஒற்று மிகும்போது, பாசியை உடைய பூஞ்சை என்னும் உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்ளலாம். பூஞ்சையே தலைமைச்சொல் ஆகிறது. இது பெயரீட்டு விதியோடும் இயைகிறது. ஆகவே அந்த 'ப்' எழுத்துப்பிழையாகக் கருதி நீக்கத்தக்கதன்று.

எனினும் ஒரே சொல் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. உயிரியல் நூலுக்குப் பாசிப்பூஞ்சை ஏற்றது. தோல்நோய்ப் பெயரில் லைக்கன் என்பதே நிற்றல் வேண்டும். மூன்றாவது இடம் காடு. கல்பாசி இயற்கையில் வளர்ந்ததைச் சேகரித்தே சந்தைக்கு வருகிறது. லைக்கன்களோ மிக மெதுவாக வளர்பவை. சேகரிப்பை வரையறுக்கும் அறிவிப்பு ஒன்று பாசிப்பூஞ்சை என்று மட்டும் கூறுமாயின், கல்பாசி சேகரிப்பவர் அது தமக்குரியது என்று அறியமாட்டார். அங்குக் கலைச்சொல்லை அடுத்து வழக்குச்சொல்லையும் எழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.