உலையும் உளியும்

"இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். சிரங்கைப் பற்றி நான் அறியேன். இரும்பைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. பொறியியல் படிக்கும் நண்பர்கள் முதல் ஆண்டுப் பட்டறை வகுப்பில் உருண்டைக் கம்பியைச் சதுரமாக்கி, ஒரு கொக்கியையும் வளைத்துக் கொடுத்து, மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு, அத்தோடு உலையை மறந்துவிடுகிறார்கள். கலைப் பிரிவினருக்கு அந்தப் பேறும் கிடையாது. ஆனால் ஓய்வு நேரத்தில் பழகுவதற்குக் கொல்லுவேலையைப் போன்ற ஒன்று இல்லை என்பது என் எண்ணம். தச்சருக்கு உளியும் இழைப்புளியும் வேறொருவர் செய்து தரவேண்டும். தையற்காரருக்கு ஊசியும் கத்தரியும் அப்படியே. கொல்லர் ஒருவரே தம் குறட்டையும் சுத்தியலையும் உளியையும் தாமே அடித்துக்கொள்கிறார். அவற்றைக்கொண்டு மற்றவர்களுக்கும் கருவிகள் செய்து கொடுக்கிறார்.

நான் இதைக் கற்றது வகுப்பில் அன்று, சாலையோரத்தில். வட இந்திய நகரங்களில் படிக்கும் நாம் எல்லோரும் அந்த மக்களைப் பார்த்திருக்கிறோம். பித்தளைத் தகடும் ஆணியும் பதித்த ஒரு மாட்டு வண்டி, அதன் அருகே தரையில் ஒரு சிறு உலை, சுற்றிலும் தோசைக்கல், இடுக்கி, கோடரி, களைக்கொத்து. இவர்கள்தாம் காடியா லோஹார்கள். வண்டிக் கொல்லர் என்று பொருள். மேவார் அரசர்களுக்கு ஆயுதம் வடித்தவர்கள் என்றும், 1568-இல் சித்தோர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அது மீளும்வரை ஒரு கூரையின் கீழ் வாழ்வதில்லை என்று சூளுரைத்து வெளியேறியவர்கள் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். (இது நம் திருப்பதிப் பக்கத்துச் சித்தூர் அன்று, இராஜஸ்தானத்தில் உள்ளது.) 1955 ஏப்ரலில் நேரு அவர்களே அவர்களை அழைத்துக்கொண்டு அக்கோட்டைக்குள் சென்று, நாடு விடுதலை பெற்றுவிட்டது, உங்கள் சபதம் நிறைவேறிவிட்டது என்று அறிவித்தார். சபதம் தீர்ந்தது, வீடு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் நடைபாதையில்தான் இருக்கின்றன.

அவர்களிடம் ஒரு புதுமையைக் காணலாம். கணவர் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். சம்மட்டி ஓங்கி அடிப்பவர் மனைவி. நான் போய் நின்ற உலையில் சம்மட்டி பிடித்தவர் ஒரு பாட்டி. ஹிந்தியில் தட்டுத் தடுமாறி, "மாதாஜி, நானும் ஒன்று அடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், சம்மட்டியை நீட்டினார். பத்து அடி அடித்தேன்; ஏழு அடி கல்லின் மேல் விழுந்தன.

இனி வேலைக்கு வருவோம். கொல்லருக்கு வேண்டியவை நான்கு: உலை, காற்று, பட்டடைக்கல், சுத்தியல். மண்ணில் ஒரு குழி தோண்டிக் களிமண் பூசினால் உலை. பழைய லாரியின் பிரேக் டிரம்மை வாங்கி அதன் அடியில் ஒரு குழாயைப் பொருத்தினாலும் உலைதான். துருத்திக்குப் பதில் கையால் சுற்றும் காற்றாடிப் பெட்டி இப்போது எங்கும் கிடைக்கிறது. பட்டடைக்குப் பழைய இரும்புக் கடையில் கனமான உருக்குத் துண்டு ஒன்று வாங்கி மரக்கட்டையில் பதித்துக்கொள்ளலாம். தண்டவாளத் துண்டு மிக நன்றாக உதவும் என்று பலர் சொல்வார்கள். உதவும், ஆனால் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, அது நியாயமான வழியில் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் கைது செய்ய இடமுண்டு. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். அடுப்புக்கரி ஒரு சாண் உயரமாவது இருக்கவேண்டும். கரி குறைந்தால் காற்று நேரே இரும்பில் பட்டுச் செதில் செதிலாக அதைத் தின்றுவிடும்.

முதல் பாடம் நிறம். கொல்லரிடம் வெப்பமானி கிடையாது, கண்ணே வெப்பமானி. இரும்பு சுமார் 700 டிகிரி சென்டிகிரேடில் மங்கிய சிவப்பாகவும், 800-ஐ அணுகும்போது செர்ரிப் பழச் சிவப்பாகவும், 950 அளவில் ஆரஞ்சு நிறமாகவும், 1100-இல் மஞ்சளாகவும் தோன்றும். ஆரஞ்சிலும் மஞ்சளிலும் அது களிமண்போல் இளகிக் கொடுக்கும். மங்கிய சிவப்புக்கு இறங்கியபின் அடிப்பது வீண் உழைப்பு. உருக்காயிருந்தால் கீறலும் விடும். வெண்ணிறமாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அறிக. எரிந்த துண்டைச் சீர்படுத்த வழியில்லை.

எந்த இரும்பை எடுப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் விற்கும் சாதாரணக் கம்பியில் கார்பன் நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. கொக்கி, இடுக்கி, குறடு செய்ய அது போதும், உளிக்கு உதவாது. எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் அது கடினமாகாது. வீடு கட்டும் முறுக்குக் கம்பியைப் பலமானது என்று நம்பி எடுப்பார்கள். இன்றைய கம்பியின் மேல்தோல் ஆலையில் நீர்த்தாரையால் இறுக்கப்பட்டது. உலையில் வைத்தவுடன் அந்த இறுக்கம் போய்விடும். உளிக்கு ஏற்றது பழைய வண்டியின் வில். லாரியின் பட்டைவில், காரின் சுருள்வில் இரண்டிலும் நூற்றுக்கு அரைப் பங்கோ அதற்குச் சற்று மேலோ கார்பன் உண்டு. தேய்ந்த அரத்தில் ஒரு பங்குகூட இருக்கும். அதைக் கீறுளியாகவும் கத்தியாகவும் அடிக்கலாம். ஆனால் அது முறியும் குணமுள்ளது.

இரும்புக் கடையில் எதையும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயை உலையில் வைத்தால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். மூடிய சிறு பொருள் எதையும் நெருப்பில் இடக்கூடாது, வெடிக்கும். இன்னதென்று தெரியாத இயந்திரப் பகுதியைத் தொடவே வேண்டாம். 2010-இல் தில்லி மாயாபுரிச் சந்தையில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து பழைய இரும்பாக விற்கப்பட்ட கருவியில் கதிரியக்கக் கோபால்ட் இருந்தது. அதைப் பிரித்த தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, ஒருவர் உயிரிழந்தார். படித்தவர்கள் தூக்கி எறிந்ததைப் படிக்காதவர்கள் உடைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் மறக்கத் தகாத செய்தி இது.

இப்போது உளி. சுருள்வில்லை ஆரஞ்சு நிறத்தில் நேராக்கி, இரண்டடி நீளத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் நல்ல குறடு இல்லாதவருக்கு இது ஒரு தந்திரம். நீளமாயிருப்பதால் மறுமுனையைக் கையாலேயே பிடித்து நுனியில் வேலை செய்து, முடிந்தபின் வெட்டிக்கொள்ளலாம். நுனியில் இரண்டங்குலத்தைச் சரிவாக அடித்துத் தட்டையாக்கவேண்டும். அடிக்கும்போது அகலமும் கூடிக்கொண்டே போகும். அவ்வப்போது பக்கவாட்டிலும் இரண்டு தட்டுத் தட்டி அடக்குங்கள். வடிவம் வந்தபின் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். அடியால் கலங்கிய உள்மணிகள் அதனால் சீர்ப்படும். கடைசி முறை சாம்பலுக்குள் புதைத்து விட்டால் மறுநாள் அரத்துக்கு இணங்கும் மென்மையுடன் இருக்கும். முனையை ஏறக்குறைய 60 டிகிரிக் கோணத்தில் அராவிக்கொள்ளலாம்.

அடுத்தது தோய்ச்சல். உளி உளியாவது இங்கேதான். நான் தோற்றதும் இங்கேதான்.

என் முதல் உளியை ஜனவரி மாதத்து நடுப்பகலில், நல்ல வெயிலில் காய்ச்சினேன். வெயிலில் சிவப்பு மங்கித் தெரியும். இன்னும் சூடு ஏறவில்லை என்று எண்ணி ஊதிக்கொண்டே இருந்தேன். பிறகு அதை முழுதாகக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினேன். "டிக்" என்று ஒரு சிறு ஓசை கேட்டது. அதன் பொருள் அப்போது தெரியவில்லை. முதல் அடியிலேயே நுனி தெறித்துப் பறந்து என் புருவத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. அரையங்குலம் கீழே பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை ஒரு கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து கண்ணாடி அணியாமல் நான் சுத்தியலைத் தொடுவதில்லை. உடைந்த இடத்தைப் பாட்டி எனக்குக் காட்டினார். சர்க்கரையைப் போல் பருமணியாக மின்னியது. மிகையாகக் காய்ந்த உருக்கின் அடையாளம் அது. நல்ல உருக்கு முறிந்தால் முறிவு சாம்பல்போல் நுண்ணியதாக இருக்கும்.

பயந்துபோய் இரண்டாவது உளியை அரைச்சூட்டில் தோய்த்தேன். அது முறியவில்லை, முதல் கம்பியிலேயே வாய் மழுங்கி மடங்கிற்று.

இந்த இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. சாதாரண நிலையில் இரும்பின் அணுக்கள் கனசதுரங்களின் மூலைகளிலும் நடுவிலும் அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்கில் கார்பனுக்கு அநேகமாக இடமே இல்லை. சூடு 727 டிகிரியைத் தாண்டினால் உருக்கு வேறோர் அடுக்குக்கு மாறத் தொடங்குகிறது; நடுவிலிருந்த இடம் போய், ஒவ்வொரு முகத்தின் மையத்திலும் ஓர் அணு அமர்கிறது. இந்தப் புதிய அடுக்கில் கார்பன் தாராளமாகக் கரைகிறது. மெல்ல ஆறவிட்டால் கார்பன் வெளியேறிவிடும். சட்டென்று குளிரவைத்தாலோ, வெளியேற நேரமின்றிக் கார்பன் உள்ளே சிக்கிக்கொள்கிறது. அணுக்களின் அடுக்கு திருகி இறுகுகிறது. அந்த இறுக்கமே கடினம். அரைச்சூட்டில் மாற்றமே நிகழாது. மிகைச்சூட்டில் மணிகள் பருத்துவிடும். சரியான சூட்டை அறிய ஒரு காந்தத் துண்டு போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பற்றாது. பற்றாமல் போன நிலைக்குச் சற்றே மேலே கொண்டுபோய்த் தோய்த்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். பாட்டிக்குக் காந்தம் தேவையில்லை. அவர் தம் முந்தானையை விரித்து உலைக்கு நிழல் கட்டிக்கொண்டு பார்ப்பார். அவ்வளவுதான்.

தோய்க்கும் நீர்மமும் முக்கியம். வில் உருக்குக்குக் குளிர்ந்த நீர் கடுமையானது, எண்ணெய் நல்லது. இங்கே கடுகெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிக்கொண்டால் இளகி, இரும்பை இன்னும் விரைவாகக் குளிர்விக்கும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும். தீப்பற்றினால் மூட ஒரு தகடும் பக்கத்தில் இருக்கட்டும்.

தோய்த்த உளி கண்ணாடி போன்றது. கீழே விழுந்தால் உடையும். அதற்குக் கொஞ்சம் இளக்கம் கொடுக்கவேண்டும். கொல்லர்கள் இதை ஒரே காய்ச்சலில் முடித்துவிடும் முறை மிக அழகியது. உளியின் நுனியில் மூன்றங்குலத்தைக் காய்ச்சி, ஓரங்குலத்தை மட்டும் எண்ணெயில் தோய்த்து, மேலும் கீழும் அசைத்து எடுக்கிறார்கள். நுனி குளிர்ந்துவிட்டது, அதற்குப் பின்னால் சூடு இன்னும் இருக்கிறது. உடனே நுனியைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னாலிருந்து சூடு நுனியை நோக்கி ஓடி வரும். கூடவே நிறங்களும் வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அது சுமார் 230 டிகிரி, பிறகு பழுப்பு, 280 அளவில் ஊதா, 300-இல் நீலம். நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் காணும் நிறங்களைப் போலவே, இரும்பின்மேல் படரும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தின் விளையாட்டு இது. கத்திக்கு மஞ்சளிலும், இரும்பு வெட்டும் உளிக்கு ஊதாவிலும் நிறுத்தவேண்டும். ஊதா நிறம் வாயைத் தொட்ட கணமே மறுபடி தோய்த்துவிட வேண்டும். ஐந்து விநாடி தாமதித்தால் எல்லாம் கடந்துபோம். காய்ச்சும் நிறத்தைப் பார்க்க நிழல் வேண்டும். இந்த நிறத்தைப் பார்க்கவோ வெளிச்சம் வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்! சுத்தியல் படும் தலைப்பகுதியைத் தோய்க்கவே கூடாது. தோய்த்தால் அது சிதறி முகத்தில் பாயும்.

மூன்றாவது உளி வெட்டிற்று. விரற்பருமன் கம்பியை ஐந்து அடியில் துண்டாக்கிவிட்டு வாயைப் பார்த்தேன். ஒரு பல்கூட விழவில்லை.

இந்தக் கலை நமக்கு அந்நியமானதும் அன்று. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. ஐரோப்பியர் "வூட்ஸ்" என்று அழைத்த தென்னாட்டு உருக்கின் மருமத்தை அறிய இலண்டனில் முயன்றவர்களுள் மைக்கேல் பாரடே ஒருவர். ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞருடன் சேர்ந்து 1819 முதல் 1822 வரை அவர் உருக்குகளை ஆராய்ந்தார். பாரடேயின் தந்தை ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே சாலையோரத்தில் நான் பார்த்த குடும்பத்திலோ பேரன்கள் இருவரும் உலைப் பக்கம் வருவதில்லை. ஆலையில் செய்த தோசைக்கல் மலிவாகக் கிடைக்கும்போது கையால் அடித்ததை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் பொழுதுபோக்காக அடிக்கிறேன்; அவர்கள் வயிற்றுக்காக அடித்தவர்கள். ஆயினும், நம்மில் யாருக்கேனும் உளியோ கோடரியோ வேண்டுமானால் அங்கே சொல்லிச் செய்துகொள்ளுங்கள், விலை பேசாதீர்கள்.

அடுத்து நான் செய்ய நினைப்பது ஒரு சுத்தியல். அதில் காம்பு நுழையும் கண்ணைத் துளைப்பதுதான் கடினம். ஒருவர் துளையுளியைப் பிடிக்க, மற்றொருவர் சம்மட்டி அடிக்கவேண்டும். மூன்று அடிக்கு ஒருமுறை உளியை நீரில் நனைத்து, துளையில் கொஞ்சம் கரித்தூள் இட்டுத் தொடரவேண்டும். தனியாக முடியாது. பாட்டிக்கு இப்போது தோள்வலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணி முதல் பத்து மணிவரை நான் அந்த உலையருகேதான் இருப்பேன். சம்மட்டி பிடிக்க விருப்பமுள்ளவர்கள் பருத்திச் சட்டையும் மூடிய செருப்பும் அணிந்துகொண்டு வரலாம். கண்ணாடி என்னிடம் இன்னொன்று இருக்கிறது.