மலை ஏறாத மலை சைக்கிள்கள்

சென்னையிலோ கோவையிலோ எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் எட்டிப் பார்த்தாலும், தூணோரம் தடித்த டயருடன் ஒரு சைக்கிள் தூசி படிந்து நிற்கும். முன்சக்கரத்தில் ஷாக், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் கியர் லீவர், சட்டத்தில் இடி, மின்னல் என்று மிரட்டும் ஏதோ ஒரு பெயர். வாங்கிய மாதம் தினமும் ஓடியிருக்கும். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது இரண்டு டயரிலும் காற்று இல்லை. யாரோ அதன் மேல் ஈரத்துண்டைக் காயப் போட்டிருக்கிறார்கள்.

வாங்கியவரைச் சோம்பேறி என்று திட்டுமுன் அந்தச் சைக்கிளையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 'எம்.டி.பி.' எனப்படும் மலை சைக்கிள் பெரும்பாலும் இரும்புச் சட்டம். எடை 15 கிலோவுக்கு மேல். பல் பல்லாக வெட்டிய இரண்டங்குல டயர் தார் ரோட்டில் உறுமிக்கொண்டே உரசும். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால், மிதிக்கு ஒரு தரம் ஷாக் குனிந்து நிமிரும். காலின் பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் அந்த ஸ்பிரிங்கிலேயே தீர்ந்துபோகும். கல்லும் வேரும் கிடக்கும் சரிவுக்காக யோசித்துச் செய்த வண்டியை வேளச்சேரி பைபாஸில் ஓட்டினால் அது வதைக்கத்தான் செய்யும்.

அப்படியும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டினால், இருட்டில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஐ.டி. ஊழியர், பல் மருத்துவர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று கலவையான கூட்டம். இலக்கு பெரும்பாலும் மாமல்லபுரம். எட்டு மணிக்குமேல் வெயில் விடாது என்பதால் எல்லாக் கணக்கும் அதற்குள் முடிய வேண்டும். இடையில் எங்காவது இட்லி, பொங்கல், வடை. மிதித்து எரித்ததைவிட அங்கே உள்ளே போவது அதிகம் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

இவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவது அழகுக்காக இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டால், பின்னால் வருபவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம். அதனால்தான் தலைமை மாறிக்கொண்டே இருக்கும். குழி வந்தால் முன்னவர் கையைத் தரையை நோக்கி நீட்டுவார். அந்தச் சைகை கடைசி ஆள்வரை போக வேண்டும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது, போகும்போது முதுகில் தள்ளிய காற்று சென்னைக்குத் திரும்பும்போது நெஞ்சில் மோதும். முட்டுக்காடு பாலத்தில் மறைப்பு ஏதும் இல்லாததால் அன்றைய காற்று யார் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சைக்கிள் ஓட்டுவது பொழுதுபோக்கு என்றால் பழைய தலைமுறைக்குச் சிரிப்பு வரலாம். பால்காரர், தபால்காரர், கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரர் எல்லாருக்கும் அது பிழைப்பு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டபோது கறுப்பு ஹெர்குலிஸ் என்பது குடும்பச் சொத்து. ஆனால் பிழைப்புக்கு வந்த வண்டியிலும் சந்தோஷம் எப்போதும் கூடவே வந்திருக்கிறது. வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பேசி எடுத்த சைக்கிளில், சீட்டு எட்டாமல் பாருக்கு உள்ளே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்ட பிள்ளைகள் எந்த வேலைக்காக ஊரைச் சுற்றினார்கள்? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் படிப்போடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிராமத்துப் பெண்கள் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடத்துக்கும் வயல் வேலைக்கும் பயன்பட்டது ஒரு புறம். கணவனையோ பஸ்ஸையோ எதிர்பார்க்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்தது இன்னொரு புறம்.

இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்காரரின் வாழ்க்கையில் ஓட்டும் நேரத்துக்குச் சமமாகப் பராமரிப்பு நேரமும் உண்டு. முதல் பாடம் பஞ்சர். நம்மூர்ச் சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் எதையும் சரிசெய்வார். ஆனால் விலையுயர்ந்த சைக்கிளைப் பார்த்ததும் கையை விரித்துவிடுவார். காரணம் வால்வ். பழைய சைக்கிளில் இருப்பது உட்ஸ் வால்வ்; ரப்பர் வால்வ் டியூப் மாட்டி அடிக்கிற அதே பழையது. எம்.டி.பி.யில் பெரும்பாலும் கார், பைக்கில் இருக்கும் ஷ்ரேடர். ரோடு சைக்கிளில் பென்சில்போல் மெலிந்த பிரெஸ்டா. அதன் நுனியில் உள்ள குட்டித் திருகாணியைத் தளர்த்தாமல் காற்று ஏறாது. கடைப் பம்பு அதில் உட்காராது. நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருந்தால் பெட்ரோல் பங்க் காற்றே போதும். மிகச் சிறிய சாமான், ஆனால் அது இல்லாமல் திண்டிவனம் வெயிலில் நின்றவர்கள் அப்புறம் வாழ்நாளில் அதை மறப்பதில்லை.

அடுத்தது செயின். கடலோரச் சாலையில் ஓடும் செயினில் உப்பு படியும். இரண்டு வாரம் கவனிக்காவிட்டால் துரு. தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீட்டுப் பழக்கம்; அது தூசியை இழுத்துப் பசையாக்கும். பழைய வேட்டித் துணியால் துடைத்து, செயினுக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுப்பதே முறை. ஓட ஓடச் செயின் தேய்ந்து நீளும். முக்கால் சதவீதம் நீள்வதற்குள் மாற்றிவிட்டால் செலவு செயினோடு முடியும். விட்டால் பின்சக்கரப் பற்சக்கரம் முழுவதையும் தின்றுவிடும். இதற்குமேல் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் கைதேர்ந்த மெக்கானிக் வேலை.

உடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. பஞ்சு வைத்த இறுக்கமான கால்சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் இறங்கும்போது முதல் சில வாரம் எல்லாருக்கும் கூச்சம்தான். அந்தக் கால்சட்டைக்குள் ஜட்டி போடக் கூடாது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தையல் உரசித் தோல் புண்ணான பிறகே தெரியவரும். அப்புறம் ஸ்ட்ராவா செயலி. தூரம், வேகம், ஏற்றம் எல்லாவற்றையும் பதிவு செய்து நண்பர்களுக்குக் காட்டும். வீட்டு வாசலுக்கு வந்தபின் 99.4 என்று காட்டுவதைப் பார்த்து, 100 ஆகட்டும் என்று தெருவைச் சுற்றுகிற நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் இந்த ஊரில் நிறைய.

இந்தக் கிறுக்கு முற்றினால் 'பிரெவே' என்னும் நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். முதல் பரிசு கிடையாது, தரவரிசை கிடையாது. உதவிக்கு வண்டி பின்தொடர முடியாது. வழியில் சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் எல்லாம் அவரவர் பாடு. குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதற்கு டீக்கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் சாட்சியான காலம் உண்டு. ஒரே பருவத்தில் நான்கு தூரத்தையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டனர்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, 1891-இல் பந்தயமாகத் தொடங்கி இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம்.

கோவைக்காரர்களுக்கு வேறு கொடுப்பினை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்ல மட்டும் உடம்பு 1,000 கலோரிக்கு மேல் எரிக்கும். ஏறக்குறைய 20 இட்லி. உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் கரையத் தொடங்குவதால், பசிக்குமுன் சாப்பிட வேண்டும்: கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம். பசி தெரிந்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை. ஏறுகிறவருக்கு அது ஆறுதலா கொடுமையா என்பது எத்தனையாவது பலகையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் வளைவுகள் 36-தான், ஆனால் சரிவு கொடூரம். 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் அனுபவம் பழுத்த ஆட்களும் இறங்கித் தள்ளியது இந்தப் பாதையில்தான்.

ஏறுவது கால் வேலை. இறங்குவது பிரேக் வேலை. மலை சைக்கிள் பிறந்ததே ஒரு பிரேக் கதையில்தான்.

அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்ட்டி. 1970-களில் அங்குள்ள இளைஞர்கள் சிலர், 1930, 40-களில் செய்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய வண்டி: தடித்த டயர், ஒற்றை கியர், கனமான இரும்பு. அதை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். இரண்டு மைல் சரிவில் சுமார் 400 மீட்டர் இறங்குவதற்குள் அச்சுக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அச்சைப் பிரித்துக் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அங்கே முதல் பந்தயம். நடத்தியவர் சார்லி கெல்லி. பிறகு அதே பாதையை கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியது இன்றும் பேசப்படும் சாதனை.

பழைய சட்டங்கள் உடைந்துகொண்டே இருந்ததால் 1977-இல் ஜோ பிரீஸ் இந்தப் பாதைக்கென்றே புதுச் சட்டம் ஒன்றைச் செய்தார். 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிட்சி செய்த சட்டங்களை வாங்கி 'மவுண்டன் பைக்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி வந்தது. 1996 அட்லாண்டாவில் மலை சைக்கிள் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. கிரீஸ் புகைந்த நாளிலிருந்து ஒலிம்பிக்குக்கு இருபதே ஆண்டு.

பிறந்த ஊரிலேயே அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. நடப்பவர்களும் குதிரைச் சவாரிக்காரர்களும் முறையிட, மரின் மலையின் ஒற்றையடிப் பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான தீத்தடுப்புச் சாலைகளில் மணிக்கு 15 மைல் உச்ச வேகம்; எதிரே வருவது தெரியாத வளைவுகளில் 5 மைல். நம் பக்கம் நிலைமை இன்னும் கண்டிப்பு. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளை விடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், யானையை நினைத்தாலே போதும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். வளைவில் திடீரென்று எதிரே முளைத்தால் யானைக்கும் அதிர்ச்சி, ஓட்டுபவருக்கும் அதிர்ச்சி. நீலகிரியில் விடிகாலையும் அந்தியும் ஆபத்தான நேரம் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே தமிழ்நாட்டு எம்.டி.பி.க்காரரின் அன்றாட மைதானம் மலையைவிடச் சமவெளியில்தான் அதிகம்: ஏரிக்கரை, வாய்க்கால் மேடு, பனைமர வரிசைக்கு நடுவே வண்டித்தடம். இங்கே டயரில் காற்றை முப்பது பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பார்கள், ரோடு சைக்கிளில் எண்பது, தொண்ணூறு வைத்துப் பழகியவருக்கு அது பஞ்சர் மாதிரித் தோன்றும். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் அமுங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கருவேல முள்தான் பெரிய எதிரி. அதற்காகவே டியூபை எடுத்துவிட்டு, ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டுகிறார்கள் சிலர். மழை பெய்த மறுநாள் ஏரிக்கரையில் ஓட்டாமல் இருப்பது நாகரிகம். ஈர மண்ணில் விழும் டயர்த் தடம் அடுத்த மழைக்கு நீரோடும் பள்ளமாகிவிடும், கரையைப் பற்றிய கவலை விவசாயிக்குத்தான். நாய் துரத்தினால் வேகமெடுப்பதைவிட இறங்கி நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பதே பெரும்பாலும் பலிக்கிறது.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் முதலில் அதை பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் டயர், டியூப், பிரேக் ஷூ மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் ஆசை இருந்து, ஓடப்போவது தார் ரோடு என்றால் ஷாக் இல்லாத ஹைப்ரிட் சைக்கிள் போதும். மண்பாதை கிட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் எம்.டி.பி.யைப் பற்றி யோசிக்கலாம். கரடுமுரடான சரிவைத் தாங்கும் நிஜமான வண்டியின் விலை லட்சத்தைத் தாண்டும். எதுவானாலும் ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் அதே பில்லில் வர வேண்டும். சீட்டின் உயரத்தையும் பாருங்கள். குதிகாலைப் பெடலின் அடிமட்டத்தில் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். நம்மில் பலர் இதைவிடத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதும்.