மரமும் பாம்பும் கல்லாதல்: சாத்தனூர், அரியலூர்ப் புதைபடிவங்கள்

கோல் பாம்பாவது யாத்திராகமத்தில் ஆரோன் நிகழ்த்திய அற்புதம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் அது ஒரு மந்திரம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரிலோ மரம் கல்லாயிற்று. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளத் தண்டு கிரெட்டேசியக் காலத்தது. கடற்படிவில் புதையுண்ட அதன் திசுக்களில் சிலிக்கா ஊறி நிரம்பியமையால் வடிவம் குலையவில்லை.

அரியலூர்ப் படிவுகளில் கிடைக்கும் அம்மோனைட்டு சுருண்ட பாம்பெனத் தோன்றும். உண்மையில் அது கணவாய்க்கு உறவான கடலுயிரியின் ஓடு. இங்கிலாந்தின் விட்பியில் இதனைப் புனித ஹில்டா கல்லாக்கிய பாம்பு என்றனர். விற்போர் அதற்குத் தலையும் செதுக்கினர்.

சாத்தனூர் மரம் பாதுகாக்கப்படுகிறது. அம்மோனைட்டுகளோ சிமெண்டு ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லோடு வெட்டியெடுக்கப்படுகின்றன. சுரங்கங்களால்தான் அவற்றுட் பல வெளிப்படுகின்றன என்பதும் மறுப்பதற்கில்லை. வெட்டுமுகம் அகற்றப்படுமுன் அடுக்குவாரியாகப் பதிவுசெய்யாவிடின், 1860களில் ஸ்டோலிச்கா விவரித்த இனங்களோடு அவற்றை ஒப்பிடும் வாய்ப்பு இல்லாது போகும்.