துளை சிறுத்தால் அருவி தெரியும்!

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்கிறீர்கள். ஆகாய கங்கை அருவியைப் படம் பிடிக்கிறீர்கள். படத்தில் பாறையும் மரங்களும் நன்றாகத் தெரிகின்றன. அருவி மட்டும் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெறும் வெள்ளையாக இருக்கிறது. நீரின் இழைகள் எங்கே போயின?

டிஜிட்டல் கேமராவில் பிலிமுக்குப் பதிலாக, ஒளியை உணரும் நுண்ணிய புள்ளிகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குடமாகக் கருதுங்கள். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழியுமே தவிர அளவு கூடாது அல்லவா? பளிச்சென்ற நுரையிலிருந்து வரும் ஒளி இக்குடங்களை நிரப்பிவிடுகிறது. பின்னர் அவற்றுக்குள் வேறுபாடே இராது. எல்லாம் ஒரே வெள்ளை!

ஆகவே ஒளியை அளந்து உள்ளே விட வேண்டும். இதற்கு ஒரு வழி லென்சின் துளையைச் சிறிதாக்குவது.

எஃப் எண் என்பது என்ன?

லென்சின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்சில் துளை 25 மில்லிமீட்டர் என்றால் எஃப் எண் 2. துளை சிறுக்கச் சிறுக்க எண் பெரிதாகும்.

நுழையும் ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒளியைப் பாதியாக்க, விட்டத்தை 2-இன் வர்க்கமூலமாகிய 1.414-ஆல் வகுத்தால் போதும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் விந்தையான வரிசை இப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது.

மூன்றில் ஒரு படி

எஃப் 8-இல் அருவி வெளுக்கிறது. 11-இல் பாறை இருண்டுவிடுகிறது. என்ன செய்வது? ஒரு படியை மூன்றாகப் பிரிக்கலாம். மூன்று சமமான விகிதங்கள் சேர்ந்து 2 ஆக வேண்டும். 1.26-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 2 வரும். எஃப் 8-இல் நுழையும் ஒளி 100 பங்கு என்றால், 9-இல் சுமார் 79, 10-இல் 63, 11-இல் 50.

50 மில்லிமீட்டர் லென்சில் எஃப் 8-க்குரிய துளையின் விட்டம் 6.25 மில்லிமீட்டர். அடுத்த சிறு படியில் அது சுமார் 5.57. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! இதைத் துல்லியமாகச் செய்பவர் யார்? 1987-இல் வெளிவந்த கேனன் ஈ.ஓ.எஸ். கேமராவின் லென்சுக்குள்ளேயே ஒரு சிறு மோட்டார் வைக்கப்பட்டது. ஒரு மின்துடிப்புக்கு ஒரு சிறு கோணம் மட்டுமே அது சுழலும். கேமரா கணக்கிட்டு இத்தனை துடிப்புகள் என்று அனுப்ப, துளையைச் சூழ்ந்த மெல்லிய தகடுகள் அந்த அளவுக்கு மூடிக்கொள்கின்றன. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றிலும் இம்முறைதான்.

திரையில் தெரியும் எண் தோராயமானதே. 11 என்பது உண்மையில் 11.31.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளை மாறாது. அவற்றில் ஒளி விழும் நேரத்தைக் குறைத்தே அருவியைக் காப்பாற்ற வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்: 11.31-ஐ 1.122-ஆல் பெருக்குங்கள், வரும் விடையை மீண்டும் பெருக்குங்கள். முழு எண்களாக்கினால் 13, 14 என வருகின்றனவா? அவையே 11-க்கும் 16-க்கும் இடையிலுள்ள சிறு படிகள்!